கேம்பர் வேன்ல டீசல் அடிட்டிவ் ஊத்தலாமா? டெல்டா பக்கம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு

டெம்போ ட்ராவலர், விங்கர் மாதிரி ஒரு வண்டிய வாங்கி உள்ள கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க்லாம் வச்சு கேம்பரா மாத்திக்கிட்டவங்க நிறைய பேருக்கு வர்ற சந்தேகம் இது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில டீசல் அடிட்டிவ்னு, அதாவது டீசலோட கலக்கற மருந்துன்னு, வரிசையா பாட்டில் அடுக்கி வச்சிருக்காங்க, மைலேஜ் கூடும், புகை குறையும், இன்ஜின் ஸ்மூத்தா ஓடும்னு எழுதியிருக்கு, வாங்கலாமா வேணாமா? என் பதில நேரா சொல்லிடறேன். நம்ம டெல்டாவுல டீசல் வண்டிக்கு முதல் எதிரி தண்ணிதான். டேங்க்ல இருக்கற தண்ணிய எடுக்காம எந்த பாட்டில ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல, தண்ணிய எடுத்துட்டீங்கன்னா முக்கால்வாசி பாட்டில் தேவையே படாது. மீதி இருக்கற ரெண்டு மூணு சந்தர்ப்பத்துல மட்டும் காசு குடுக்கலாம்.

முதல்ல பங்க்ல நமக்கு ஊத்தற டீசல்ல ஏற்கனவே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். 2020 ஏப்ரல் 1ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்6ங்கற புகை கட்டுப்பாட்டு விதிக்கு ஏத்த டீசல்தான், கந்தகம் அதிகபட்சம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல பத்து பங்கு, அதுக்கு முன்னாடி பிஎஸ்4ல 50 வரைக்கும் விட்டாங்க. கந்தகத்த எடுக்கறப்ப டீசலோட இயற்கையான வழவழப்பும் சேர்ந்து போயிடும், வண்டியோட டீசல் பம்ப் தேயும்னு கடைக்காரங்க சொல்றது இதத்தான், அது உண்மைதான், ஆனா அந்த வழவழப்ப திரும்ப கொண்டு வர்ற மருந்த எண்ணெய் கம்பெனிக்காரங்களே கலந்துதான் அனுப்பறாங்க. தேய்மானத்துக்கு தனியா ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல விழற தேய்ஞ்ச தழும்பு 460 மைக்ரான தாண்டக் கூடாதுங்கறது விதி. அதே மாதிரி சீட்டேன் எண், அதாவது இன்ஜினுக்குள்ள டீசல் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும்னு காட்டற எண், குறைஞ்சது 51 இருக்கணும். அதனால புது வண்டிக்கு சீட்டேன் பூஸ்டர் வாங்கி ஊத்தறது ஏற்கனவே உப்பு போட்ட குழம்புல இன்னொரு கைப்பிடி உப்பு போடற கதை.

மைலேஜ் கணக்க நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு பாட்டில் 500 ரூபாய், அது 50 லிட்டருக்குன்னு வச்சுக்கங்க, லிட்டருக்கு 10 ரூபாய் கூடுது. டீசல் 92 ரூபாய்னா, போட்ட காசு திரும்ப வரவே மைலேஜ் கிட்டத்தட்ட 11 சதவீதம் ஏறணும். நல்ல நிலையில இருக்கற இன்ஜின்ல எந்த பாட்டிலும் அவ்வளவு தராது. எனக்கு ஏறுச்சுன்னு யாராச்சும் சொன்னா எந்த மாசம் ஓட்டினீங்க, எந்த திசையில ஓட்டினீங்கன்னு கேளுங்க, ஏன்னா ஆடி மாசம் மேக்க இருந்து அடிக்கிற காத்துல தஞ்சாவூர்ல இருந்து நாகப்பட்டினம் போறப்ப காத்தே வண்டிய தள்ளிக்கிட்டு போகும், திரும்பி வர்றப்ப அதே காத்து முகத்துல அடிக்கும், கேம்பர் மாதிரி உசரமான பொட்டி வண்டிக்கு இந்த வித்தியாசம் ரொம்ப பெருசு. டெஸ்ட் பண்ணணும்னா ஒரே பங்க், ஒரே பம்ப்ல ஃபுல் டேங்க் அடிச்சு, போயிட்டு வந்து, திரும்ப ஃபுல் பண்ணி கணக்கு எடுங்க, டயர் காத்து, ஏசி, உள்ள ஏத்தியிருக்கற தண்ணி எடை எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.

இப்ப தண்ணி விஷயத்துக்கு வருவோம், இதுதான் நம்ம ஊருக்கு முக்கியம். கேம்பர் தினமும் ஓடற வண்டி இல்ல. லீவுக்கு எடுப்போம், மத்தபடி வீட்டு வாசல்ல இல்லன்னா தோப்புல நிக்கும். ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழி பனி, கடலோரம்னா வருஷம் முழுக்க ஈரக்காத்து. மூடியோட ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தா மழைத்தண்ணி அது வழியா இறங்கும், ரோட்டுல தண்ணி நிக்கறப்ப ஆழமா இறக்கி ஓட்டினா டேங்க்ல காத்து போற குழாய் வழியாவும் போகும், கேன்ல வாங்கி வச்ச டீசல்லயும் வரும். தண்ணி டீசல விட கனம், அடியில போய் உக்காந்துக்கும். பெட்ரோல்ல எத்தனால் கலக்கற மாதிரி பங்க் டீசல்ல கலக்கறது இல்ல, ஆனா பயோடீசல் 7 சதவீதம் வரைக்கும் கலக்க விதி இடம் குடுக்குது, அது சாதா டீசல விட ஈரத்த கூடுதலா இழுக்கும்.

அந்த தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல இருக்கற கோட்டுலதான் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளருது. தண்ணியில வாழ்ந்துக்கிட்டு டீசல தின்னும், 25ல இருந்து 35 டிகிரி சூடு அதுக்கு ரொம்ப தோது, நம்ம ஊர் சூடே அதுதானே. கருப்பா பழுப்பா வழவழன்னு பாசி மாதிரி கசடு உருவாகி ஃபில்டர அடைக்கும், அது விடற அமிலம் டேங்க அரிக்கும். நாகப்பட்டினம் பக்கம் விசைப்படகு இன்ஜின் பாக்கற மெக்கானிக்குங்களுக்கு இது நல்லா தெரியும், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், அந்த 61 நாள் படகு டீசலோட சும்மா நிக்கும், நம்ம கேம்பர் நிக்கற மாதிரியே. உங்க ஊர்ல நல்ல ஆலோசனை வேணும்னா கார் ஆக்சசரீஸ் கடைய விட அந்த ஆளுங்கள கேளுங்க.

காமன் ரெயில் வண்டின்னா, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் (டீசல இன்ஜினுக்குள்ள பீச்சற பாகம்) ஒரே பொதுக் குழாய்ல இருந்து அதிக அழுத்தத்துல டீசல் போற வண்டின்னா, இன்னும் ஜாக்கிரதை. அந்த குழாய்ல அழுத்தம் 1600 பாரும் அதுக்கு மேலயும் போகும், உள்ள இருக்கற பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் எண்ணெய், அந்த இடத்துல தண்ணித்துளி புகுந்தா உலோகம் நேரா உரசும், துருவும் பிடிக்கும், இன்ஜெக்டர் செட் மாத்தற செலவுல நீங்க பல வருஷம் அடிட்டிவ் வாங்கலாம்.

அதனால பாட்டிலுக்கு முன்னாடி இதப் பண்ணுங்க. வண்டி ராத்திரி முழுக்க ஆடாம நிக்கட்டும், தண்ணி நல்லா அடியில படியும். காலையில ஸ்டார்ட் பண்ணாம, சாவி ஆஃப்ல வச்சுட்டு, டீசல் ஃபில்டர் அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவுக்கு கீழ ஒரு வெள்ளை கண்ணாடி பாட்டில வச்சு மெதுவா லூஸ் பண்ணுங்க, ஒரு டம்ளர் அளவு இறங்கட்டும். பாட்டில கொஞ்ச நேரம் அசைக்காம வச்சு வெளிச்சத்துல பாருங்க, கீழ தனியா கோடு தெரிஞ்சா அது தண்ணி, சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் திரும்ப இறக்குங்க, நடுவுல கருப்பு நூல் நூலா மிதந்தா பூஞ்சை வந்தாச்சுன்னு அர்த்தம். ஸ்க்ரூவ டைட் பண்ணிட்டு கை பம்ப் இருந்தா அது கெட்டியாகற வரைக்கும் அமுக்கி ஏர் எடுத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. இறக்கினத வாய்க்கால்லயோ வயல்லயோ ஊத்திடாதீங்க, கேன்ல சேத்து வச்சு ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க. மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை இத பண்ணிடணும், டீசல்ல தண்ணி இருக்குன்னு டேஷ்போர்டுல லைட் எரிஞ்சா அன்னிக்கே. வண்டி ரொம்ப நாள் நிக்கப் போகுதுன்னா டேங்க ஃபுல் பண்ணி நிறுத்துங்க, மூடி ரப்பர மாத்துங்க, மேடான இடமா பாத்து நிறுத்துங்க.

இதுக்கு அப்புறம் காசு குடுத்து வாங்க வேண்டிய முதல் பாட்டில் பயோசைட், அதாவது பூஞ்சை கொல்லி. ரெண்டு மூணு மாசத்துக்கு மேல வண்டி நிக்குதுன்னா, தண்ணிய இறக்கின அப்புறம், லேபிள்ல போட்ட அளவு ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தலாம். படகு இன்ஜின் சாமான் விக்கற கடையில கேட்டுப் பாருங்க. ஏற்கனவே பூஞ்சை வந்த டேங்க்ல ஊத்தினா செத்த கசடு மொத்தமா வந்து ஃபில்டர அடைக்கும், கையில ஒரு புது ஃபில்டர் இல்லாம அந்த வேலைய ஆரம்பிக்காதீங்க, கசடு நிறையன்னா டேங்க கழட்டி கழுவறதுதான் வழி. இது விஷம், கையுறை போட்டுக்கங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

தண்ணிக்குன்னு விக்கற அடிட்டிவ்ல ரெண்டு ஜாதி இருக்கு, வாங்கறப்ப இத கவனிக்கணும். ஒன்னு தண்ணிய டீசல்ல இருந்து பிரிச்சு கீழ தள்ளும், ஃபில்டர்ல பிடிச்சு இறக்கிடலாம். இன்னொன்னு தண்ணிய டீசலோட கலக்க வச்சு ஃபில்டர தாண்டி இன்ஜெக்டருக்கே அனுப்பிடும், காமன் ரெயில் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது, கிலோமீட்டர் நிறைய ஓடின வண்டி, ஐடில்ல நடுங்குது, இழுவை குறைஞ்சிருக்கு, ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசு போட்டும் சரியாகலன்னா இன்ஜெக்டர் கழுவற டிடர்ஜென்ட் ஒரு டேங்க்குக்கு ஊத்திப் பாக்கலாம். டீசல் பீச்சற நாசில் முனையில படிஞ்சது லேசா இருந்தா கரையும். தேய்ஞ்சு போன நாசில எந்த மருந்தும் சரி பண்ணாது, இன்ஜெக்டர கழட்டி ஒர்க்‌ஷாப்ல டெஸ்ட் மெஷின்ல போட்டுப் பாருங்க. பிஎஸ்4க்கும் முந்தின, பழைய பம்ப் வச்ச வண்டிக்கு வழவழப்பு கூட்டற அடிட்டிவ் ஊத்தறத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த பம்ப் கந்தகம் அதிகம் இருந்த டீசல நம்பி செஞ்சது.

டீசல் உறையாம இருக்க விக்கறது நம்ம ஊர்ல சுத்த வேஸ்ட். லடாக் போறீங்கன்னா மட்டும் யோசிங்க, அங்க இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல இருந்து மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்கற குளிர்கால டீசல் விக்குது, ஏறி போறப்ப அத நிரப்பிக்கறது பாட்டில விட நல்லது.

மண்ணெண்ணெய், டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கறத விட்டுடுங்க. மண்ணெண்ணெய்ல வழவழப்பு கிடையாது, பம்ப் போயிடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிஞ்சு சாம்பல் விடும், உலோகம் கலந்த அடிட்டிவும் அப்படித்தான், பிஎஸ்6 வண்டியில டிபிஎஃப்னு புகையில இருக்கற கரிய பிடிக்கற ஃபில்டர் இருக்கு, அதுல கரி எரிஞ்சு போயிடும், சாம்பல் எரியாது, அங்கயே தங்கிடும். டிபிஎஃப் லைட் எரிஞ்சா மருந்து தேடாம திருச்சி ரோட்டுல ஏத்தி, மேனுவல்ல சொன்ன வேகத்துல நிக்காம ஓட்டுங்க. புகையில இருக்கற நச்சு வாயுவ குறைக்க தனி டேங்க்ல ஊத்தற யூரியா கரைசல்தான் ஆட்ப்ளூ, அந்த டேங்க்ல எந்த அடிட்டிவும் போகக் கூடாது, ஆட்ப்ளூவ தவறி டீசல் டேங்க்ல ஊத்திட்டா சாவியே போடாதீங்க, டேங்க காலி பண்ண ஆள கூப்பிடுங்க.

வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா பாட்டில்ல டீசலுக்குன்னு போட்டிருக்கா, டிபிஎஃப் வண்டிக்கு ஆகும்னு இருக்கா, எத்தனை லிட்டருக்கு எவ்வளவுன்னு இருக்கா பாருங்க, வாரண்டி இருக்கற வண்டின்னா மேனுவல்ல அடிட்டிவ் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு வாங்குங்க. ரெண்டு மூணு வேற வேற பாட்டில ஒன்னா கலக்காதீங்க, அளவ கூட்டாதீங்க. டேங்க் காலியா இருக்கறப்ப மருந்த முதல்ல ஊத்திட்டு அப்புறம் பங்க்ல டீசல் பிடிச்சா அந்த வேகத்துலயே நல்லா கலந்துடும்.