கிணற்றுத் தண்ணீரில் பயறு முளைக்குமா? பிளஸ் ஒன் வேளாண் மாணவர்களுக்கு ஓர் எளிய ஆய்வு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பேறிப்போனது ஊரறிந்த கதை. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சரி, உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் விதையை என்ன செய்கிறது? அதை வகுப்பறையிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீர். இரண்டு கிணறுகளிலிருந்து ஒவ்வொரு பாட்டில் எடுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடித்து, உடனே பெயர் ஒட்டுங்கள். கூடவே மழைநீர் ஒரு பாட்டில் கட்டாயம். ஒப்பிட ஆள் இல்லாமல் கிணற்று நீரை மட்டும் சோதித்தால் அது ஆய்வே இல்லை. ஆர்ஓ மெக்கானிக் யாராவது தெரிந்தவர் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி, மூன்றின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விதை. ஒரே மூட்டையின் பச்சைப்பயறு, ஒவ்வொரு தண்ணீருக்கும் 100. உடைந்தது, பூச்சி அரித்தது வேண்டாம். கொதிக்கவைத்து உலர்த்திய பழைய வேட்டித் துணியை அந்தந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, 25 விதைகளை இடைவெளி விட்டு அடுக்கிச் சுருட்டுங்கள். ஒரு தண்ணீருக்கு நான்கு சுருள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு நிழலில் வையுங்கள். பை எதற்கு? அது இல்லாவிட்டால் துணி காயக் காய மறுபடி மறுபடி உப்புத் தண்ணீர் தெளிப்பீர்கள். நீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிச் சேரும். கணக்கே கெட்டுவிடும்.

ஏழாம் நாள் பிரித்து எண்ணுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். தோல் வெடித்து வெள்ளையாக நுனி எட்டிப்பார்த்தால் மட்டும் போதாது. வேரும் தண்டும் ஒழுங்காக வந்ததுதான் முளைத்த விதை. ஊறாமல் கிடக்கும் கல் பயறைத் தனியாக எண்ணுங்கள். தோல் கெட்டியாக இருப்பதால் அதற்குள் தண்ணீரே இறங்கவில்லை, பழியை உப்பின் மேல் போட முடியாது. அப்புறம் ஒவ்வொரு சுருளிலும் பத்து நாற்றுகளின் வேர் நீளத்தை ஸ்கேலால் அளங்கள். முளைப்பு எண்ணிக்கை குறையாதபோதும் வேர் குட்டையாகிப் பழுப்பேறியிருக்கலாம்.

மழைநீரில் வைத்த நான்கு சுருள்களுக்குள்ளேயே 21, 24, 22, 25 என்று வித்தியாசம் வரும். அதனால் கிணற்று நீரில் ஓரிரு விதை குறைந்ததும் முடிவுக்குப் பாயாதீர்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால், குறிப்பேட்டோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், அந்தத் தண்ணீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று கேளுங்கள்.