மருந்தை மெல்ல வெளியிடும் பி.எல்.ஜி.ஏ. படலம்: வார்ப்பதும் உலர்த்துவதும்

பி.எல்.ஜி.ஏ. (பாலி லாக்டிக்-கோ-கிளைகோலிக் அமிலம்) என்ற மக்கும் பாலிமரில் படலம் வார்த்து, அதிலிருந்து மருந்து வெளியேறும் வேகத்தை முதன்முறையாக அளக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகத்தின் அடிப்படைப் பழக்கங்கள் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தொடக்கத்திற்கு லாக்டிக், கிளைகோலிக் அலகுகள் 50:50 விகிதத்தில் அமைந்த பி.எல்.ஜி.ஏ.யையே பரிந்துரைப்பேன். அதன் எஸ்டர் பிணைப்புகளை நீர் அறுப்பதால் ஓரிரு மாதங்களில் அது சிதைந்துவிடும். லாக்டிக் பங்கு 75 அல்லது 85 ஆக உயர்ந்தால் சோதனை பல மாதங்களுக்கு நீளும். மாதிரி மருந்தாக ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி வசதியானது, ஏனெனில் அது பாலிமரோடு ஒரே கரைப்பானில் கரைகிறது.

அரை கிராம் பாலிமரையும் 50 மில்லிகிராம் மருந்தையும் 10 மி.லி. டைகுளோரோமீத்தேனில் இட்டு, மூடிய கண்ணாடிக் குப்பியில் தெளியும்வரை காந்தக் கலக்கியால் கலக்குங்கள். இந்தக் கரைப்பான் பாலிஸ்டைரீன் தட்டைக் கரைத்துவிடும் என்பதால் கண்ணாடித் தட்டு அல்லது டெஃப்லான் தட்டில் மட்டுமே ஊற்ற வேண்டும். டெஃப்லானிலிருந்து படலம் எளிதாக உரிவதால் எனக்கு அதுவே பிடிக்கும். 6 செ.மீ. விட்டமுள்ள தட்டில் ஊற்றினால் ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் தடிமன் கிடைக்கும். தட்டு சரிமட்டத்தில் இருக்கிறதா என்பதை ரசமட்டத்தால் பாருங்கள். இவை அனைத்தையும் ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே செய்ய வேண்டும்.

என்னை நெடுநாள் தடுமாற வைத்தது உலர்த்தும் கட்டம். நான் வார்த்த முதல் மூன்று படலங்களும் பால்போல் வெளுத்துப்போயின. மருந்து படிகமாகப் பிரிகிறது என்று எண்ணி அதன் அளவைப் பாதியாக்கினேன், வெண்மை குறையவில்லை. மருந்தே சேர்க்காத வெறும் பாலிமரும் வெளுத்ததைக் கண்ட பிறகுதான் காரணம் விளங்கியது. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது; அது விரைந்து ஆவியாகும்போது படலத்தின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படிகிறது, அத்துளிகள் உலர்ந்த இடமெல்லாம் குழிகளாகின்றன. சோதனையின்போது படலத்தை அமிழ்த்தும் தாங்கல் கரைசல் (பி.எச். அளவை மாறாமல் காக்கும் கரைசல்) அந்தக் குழிகளின் வழியே உட்புகுவதால், நாட்கணக்கில் கசிய வேண்டிய மருந்து முதல் சில மணி நேரத்திலேயே பெருமளவு வெளியேறிவிடுகிறது.

ஆகவே, ஊற்றியவுடன் தட்டின்மேல் கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, அதன் தண்டில் சிறிது பஞ்சைத் தளர்வாகச் செருகி, 24 மணி நேரம் மெல்ல உலர விடுங்கள். பின்னர் அறை வெப்பநிலையிலேயே வெற்றிட உலர்த்தியில் இரண்டு நாள் வைக்கலாம். அவசரத்திற்காகச் சூடேற்றாதீர்கள், பி.எல்.ஜி.ஏ. 45 முதல் 55 டிகிரிக்குள் இளகத் தொடங்கும், ஐபுப்ரோஃபென் அந்த வெப்பநிலையை இன்னும் தாழ்த்தும்.

உலர்ந்த படலத்தை 1 செ.மீ. வட்டுகளாக வெட்டி எடையிட்டு, ஒவ்வொன்றையும் பி.எச். 7.4 உள்ள 20 மி.லி. பாஸ்பேட் தாங்கல் கரைசலில் அமிழ்த்தி, 37 டிகிரியில் ஆட்டுங்கள். குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு முறையும் 2 மி.லி. எடுத்து, அதே வெப்பநிலையிலுள்ள புதுக் கரைசலால் ஈடுசெய்யுங்கள். முன்பு எடுத்தவற்றோடு போன மருந்தையும் கணக்கில் கூட்ட மறக்காதீர்கள். எடுத்த கரைசல் 222 நானோமீட்டர் அலைநீளத்தில் புறஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து ஐபுப்ரோஃபெனின் அளவைக் காணலாம்.

பின்சேர்க்கை: வட்டு சுருண்டு மிதப்பதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள், துருப்பிடிக்காத கம்பிவலைக்குள் வைத்தால் அது அடங்கும். மூன்றாம் வாரத்தில் ஒளியுறிஞ்சல் விசித்திரமாக ஏறுகிறது என்றார் மற்றொருவர். சிதைவுப் பொருட்களும் குறைந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் என்பதால், மருந்தில்லாத வட்டு ஒன்றையும் உடன் ஓடவிட்டு அதன் அளவைக் கழிக்க வேண்டும்.