செல்லைத் தனித்தனியாகப் பார்க்கணுமா? இப்படிச் செய்யுங்கள்

டிஎன்ஏவில் சேதம் ஏற்படுத்திவிட்டு, தட்டில் உள்ள செல்களை மொத்தமாகக் கரைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவு பார்க்கும் சோதனை) போட்டால், டிஎன்ஏ கெட்டால் செல்லில் எழும் பி53 புரதம் ஏறி இறங்கி மெல்ல அடங்குவதுபோல் தெரியும். அது சராசரி காட்டும் வேடிக்கை. 2004-ல் ஆய்வாளர்கள் காலிட் லஹாவ், ஊரி அலோன் குழுவினர் எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்தபோது தெரிந்தது வேறு: கதிர்வீச்சைக் கூட்டினால் பி53 ஏறி இறங்கும் ஒவ்வொரு துடிப்பின் உயரமும் கூடவில்லை, சராசரியாக எத்தனை துடிப்பு என்பதுதான் கூடியது. தெருவில் ஒவ்வொரு வீட்டுக் குக்கரும் தன் நேரத்துக்கு விசிலடித்தால் தூரத்தில் நிற்பவருக்கு வெறும் இரைச்சல்தானே கேட்கும்?

சரி, வேலைக்கு வருவோம். பி53-உடன் ஒளிரும் புரதம் ஒட்டிய செல் வரிசை வேண்டும், கூடவே வேறு நிறத்தில் எச்2பி (உட்கருவில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) என்ற உட்கரு அடையாளமும் வேண்டும், ஏனென்றால் சேதமில்லாத செல்லில் பி53 மங்கலாக இருக்கும், உட்கரு எங்கே என்றே பிடிபடாது. புரதத்தை விட்டுவிட்டு ஜீனை இயக்கும் சுவிட்சான புரோமோட்டரைக் கவனிப்பதானால், ஒளிரும் புரதத்துக்குச் சீக்கிரம் சிதைய வைக்கும் பெஸ்ட் (PEST) வாலைச் சேருங்கள். இல்லாவிட்டால் ஜீன் அணைந்த பிறகும் வெளிச்சம் மணிக்கணக்கில் நிற்கும்.

கண்ணாடி அடித்தட்டுள்ள டிஷ்ஷில் செல்களை நெருக்கமில்லாமல் முந்தின நாளே விதையுங்கள். ஃபீனால் ரெட் சாயம் இல்லாத மீடியம், 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. மைக்ரோஸ்கோப் அறையைச் சில மணி நேரம் முன்பே சூடாக்கிவிடுங்கள், பாதி சூட்டில் தொடங்கினால் ஃபோகஸ் நகர்ந்துகொண்டே போகும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது வெளிச்சத்தில்தான். துடிப்புக்குத் துடிப்பு 5, 6 மணி நேரம் ஆகும், அதனால் 15–20 நிமிடத்துக்கு ஒரு படம் தாராளம். நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் நீல ஒளியே டிஎன்ஏவைக் கெடுத்து, நீங்கள் தேடும் பி53-ஐ அதுவே எழுப்பிவிடும். எனவே டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் மருந்தே போடாத ஒரு டிஷ்ஷையும் அதே ஒளியில் படமெடுங்கள், இன்னொன்றைப் படமே எடுக்காமல் இன்குபேட்டரில் வைத்து, கடைசியில் இரண்டிலும் செல்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். இதைத் தவிர்ப்பவர்களின் தரவை நான் நம்புவதில்லை.

மருந்துக்கு முன் சில மணி நேரம் சும்மா படமெடுங்கள், அப்புறம் சூடான மீடியத்தில் கலந்த அந்த மருந்தை, அதாவது டிஎன்ஏவை உடைக்கும் நியோகார்சினோஸ்டாட்டினை, டிஷ் அசையாமல் சேருங்கள்.

படத்தில் உட்கருவைப் பிரிக்க செல்போஸ் மென்பொருள், தொடர்ந்து பின்பற்ற ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் உள்ள ட்ராக்மேட் போதும். ஒவ்வொரு படத்திலும் பின்னணி ஒளியைக் கழித்துவிட்டு, சராசரிக் கோடு போடும் முன் செல்லுக்கு ஒரு வரிசையாக ஹீட்மேப் (அளவை நிறமாகக் காட்டும் படம்) போடுங்கள். செல் பிரியும்போது உருண்டு திரள்வதால் ஓரிரு படங்களில் திடீரென்று பளிச்சிடும், அதைத் துடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். எச்2பி நிறமும் கூடவே ஏறியிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.