ஸ்கீ ஏற்றத்தில் பூட் கழன்றதற்குக் காரணம்: பைண்டிங்குக்கு அடியில் இறுகிய பனி

ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டி மலையேறும்போது, சரிவில் குறுக்காகத் திரும்பும் இடங்களில் இடது பூட் மட்டும் பின் பைண்டிங்கின் (pin binding; பூட்டின் முனையை இரு ஊசிகளால் ஸ்கீயோடு பிடிக்கும் பிணைப்பு) முன்துண்டிலிருந்து கழன்றுகொண்டே இருந்தது. முன்துண்டின் லீவரை இழுத்துப் பூட்டியும் நிற்கவில்லை.

குதிகாலைப் பிடிக்கும் பின்துண்டில், விழும்போது பூட்டை விடுவிக்கும் விசையின் அளவைக் கூட்டுவதால் பலனில்லை. ஏறும்போது குதிகால் அதில் மாட்டுவதே கிடையாது. நண்பரின் பூட்டும் அதே பைண்டிங்கில் கழன்றது, ஆகவே பின்கள் பொருந்தும் என் பூட்டின் முனைக் குழிகள் தேய்ந்தது காரணமல்ல. அறைக்குள் எடுத்துவந்தால் எல்லாம் கச்சிதமாகப் பூட்டியது. துப்பு அங்கேதான் கிடைத்தது.

முன்துண்டில் பின்களைத் தாங்கும் இரு இறக்கைகளுக்கும் கீழே, ஸ்பிரிங் இருக்கும் இடுக்கில், மிதிபட்ட பனி கண்ணாடிபோல் இறுகியிருந்தது. அதனால் இறக்கைகள் முழுதாக மூடவில்லை; பின்கள் குழிக்குள் அரைகுறையாகவே நின்றன. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. லீவர் வலது ஸ்கீயில் நிற்பதைவிட ஒரு கிளிக் முன்னதாகவே நின்றதுதான் ஒரே அடையாளம்.

மெல்லிய குச்சியால் இடுக்கைச் சுரண்டி, பூட்டின் குழிகளையும் குத்திச் சுத்தம் செய்தேன். பூட்டை மாட்டியதும், லீவரைப் பூட்டாமல் குதிகாலைப் பலமுறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். குழியில் மிச்சமிருக்கும் பனியைப் பின்களே அரைத்துத் தள்ளிவிடும். பிறகு லீவர் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது, பூட் கழலவில்லை. இறங்கும் முன் லீவரின் பூட்டைத் திறந்துவிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் விழும்போது ஸ்கீ காலைவிட்டுக் கழலாது.