முதுகுக்கு ஊசி: என் அனுபவம்

சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். பாவு நூல் சுற்றிய கனமான உருளையான பீமைத் தூக்கும்போது இடுப்பில் சுரீரென்றது. அப்புறம் இடது கால் பெருவிரல் வரை வலி இறங்கி, உட்காரவே முடியவில்லை. ஸ்கேனில், கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருந்தது. முதலில் பார்த்தவர் ஆபரேஷன் என்றார். "கண்ணு, அவசரப்படாத, கோயமுத்தூர்ல இன்னொருத்தரையும் பாத்துரலாம்" என்றார் அம்மா.

அந்த மருத்துவர் என் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் அழுத்திப் பார்த்தார். பலம் குறையவில்லை. சரி, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே நரம்பின் பக்கம் ஊசியைக் கொண்டுபோனார். சாய மருந்து விட்டு இடத்தை உறுதி செய்த பிறகுதான் ஸ்டீராய்டு. அந்த நொடி பழைய வலி அப்படியே காலில் ஓடியது, பயந்துவிட்டேன். அன்றே வீடு திரும்பினேன். நான்காம் நாள் வலி தணிந்தது.

சில நாள் சர்க்கரை ஏறியது; சர்க்கரை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி டிஸ்க்கை உள்ளே தள்ளாது, நரம்பைச் சுற்றிய அழற்சியைத்தான் குறைக்கும். வலி குறைந்திருந்த அந்த இடைவெளியில் விடாமல் பிசியோதெரபி செய்தேன். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ ஊசியை யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது பீமை இரண்டு பேராகத்தான் தூக்குகிறோம்.