கேம் கன்சோல் கடை போடப்போகிற தம்பிமாருக்கு: கொழுந்து வராத இடத்தில் உரம் கொடுக்காதீர்கள்

போன மாதம் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி ஹட்டனில் இருக்கிற என் கடைக்கு வந்தார். கட்டாரில் நாலு வருஷம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார், கையில் கொஞ்சம் காசு, தீபாவளிக்கு முந்தி கேம் கன்சோல் கடை திறக்கப்போகிறாராம். சீஆர் கொப்பி ஒன்றில் கணக்கெல்லாம் அழகாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். புரட்டிப் பார்த்தால், மெஷின் வாங்குகிற விலையும் விற்கிற விலையும் ஒன்றாக இருக்கிறது.

"லாபம் எங்க தம்பி?"

"மெஷின்ல லாபம் வைக்கலண்ணே. வந்த விலைக்கே குடுத்துருவேன். சோனிக்காரனே அப்படித்தானே செய்றான்? கேம்ல எடுத்துக்கலாம்."

குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ புரையேறிவிட்டது. 2014இல் இதே வசனத்தை, கிட்டத்தட்ட ஒரு சொல் மாறாமல், என் மனைவியிடம் சொல்லித்தான் அவளுடைய சங்கிலியை அடகுவைக்க வாங்கிப் போனேன்.

இடி இடித்தால் வயரைக் கழற்று, பனிக்கால ஈரத்தில் மெஷினைத் தரையில் வைக்காதே, கடன் கொடுக்காதே, இதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. மலையில் பிறந்தவருக்கு முதல் இரண்டும் தெரியும். மூன்றாவதைச் சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். கடை போடுகிறவர் தெரியாமல் விடுகிற பிழைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வந்த விலைக்கே மெஷினை விற்பது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

கம்பனிக்காரன் மெஷினை நட்டத்துக்கு விற்கிறான் என்பது பொய் இல்லை. 2006இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3, அதாவது பிஎஸ்3, அமெரிக்காவில் 499 டொலருக்கும் 599 டொலருக்கும் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்து விலை போட்ட ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், செய்வதற்கே 800 டொலருக்கு மேல் போகிறது என்று கணக்குச் சொன்னது. எபிக் என்ற கேம் கம்பனி ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் 2021இல் சாட்சி சொல்ல வந்த மைக்ரோசொஃப்ட் அதிகாரி ஒருவரும், எக்ஸ்பொக்ஸ் மெஷின் விற்பனையில் எங்களுக்கு லாபம் வந்ததே இல்லை என்றார். சரி, உண்மைதான். ஆனால் அந்த நட்டத்தை எப்படித் திருப்பி எடுக்கிறான் என்பதை நாம் பாதி மட்டும்தான் படிக்கிறோம்.

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் விளங்கும். சிறுதோட்டக்காரருக்குத் தேயிலை ஃபெக்டரி உரத்தை முற்பணமாகக் கொடுக்கிறது. தர்மத்துக்கா? இல்லை. அந்தக் கொழுந்து தன் லொறியில்தான் ஏற வேண்டும் என்பதற்காக. உரம் எடுத்தவர் கொழுந்தை வேறு லொறிக்குப் போட்டுவிட்டால் ஃபெக்டரிக்கு நாமம். கன்சோல்தான் உரம், கேம்தான் கொழுந்து. உலகத்தில் எந்த மூலையில், எந்தக் கடையில் பிஎஸ்4 கேம் ஒன்று புதிதாக விற்றாலும் அதில் சோனிக்கு ஒரு பங்கு போகும். ஒன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் 30 வீதம். அது போதாதென்று, பிஎஸ்4இல் சிநேகிதனோடு ஒன்லைனில் விளையாட பெரும்பாலான கேம்களுக்கு வருஷச் சந்தா வேறு.

இந்தப் பூட்டை அவர்கள் சும்மா கண்டுபிடிக்கவில்லை, அடிபட்டுத்தான் கற்றார்கள். அட்டாரி மெஷினுக்கு யார் வேண்டுமானாலும் கேம் செய்யலாம் என்று ஆனபோது குப்பைக் கேம்கள் கடைகளில் மலைபோலக் குவிந்து, 1983இல் அமெரிக்கச் சந்தையே படுத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அங்கே போன நிண்டெண்டோ, மெஷினுக்குள் ஒரு சிப்பை வைத்து, தன் அனுமதி இல்லாத கேம் ஓடாதபடி பூட்டிவிட்டது. கேம் செய்கிறவர் எல்லாரும் நிண்டெண்டோவிடம் வந்து காசு கட்டித்தான் செய்ய வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2014இல் பிஎஸ்4 பதினொன்று எடுத்தேன். ஒன்று எனக்கு 62,000 ரூபாய்க்கு வந்தது, 62,000க்கே கொடுத்தேன். கொழும்பில் 67,000 சொன்னார்கள், அதனால் பண்டாரவளையில் இருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து வாங்கினார்கள். நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். புதுக் கேம் சீடி ஒன்றில் எனக்கு 700 ரூபாய் நின்றது. ஒரு மெஷினில் நான் விட்ட 5,000 ரூபாயை எடுக்க, அந்த வீட்டுக்கு ஏழெட்டுச் சீடி விற்க வேண்டும். பதினொரு வீட்டுக்கும் சேர்த்து எண்பது சீடி. ஒன்றரை வருஷத்தில் விற்றது பத்தொன்பது.

ஏன் விற்கவில்லை என்று அப்போது விளங்கவில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊருக்கு பிஎஸ்2 வந்ததே, கொப்பி அடித்த சீடியும் ஓடுகிற மாதிரி சிப் போட்டுத்தான். கேம் சீடி 100 ரூபாய். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து பிஎஸ்4 வாங்கினார்கள். அப்போது பிஎஸ்4க்கு அந்த வித்தை எதுவும் கிடையாது, சீடி 8,000 ரூபாய். தோட்டத்தில் ஒரு பையன் கால்பந்துக் கேம் வாங்கினால் அது லயம் முழுக்கச் சுற்றி, பக்கத்து டிவிஷனுக்குப் போய், நாலு மாதம் கழித்துக் கீறல் விழுந்து அவனிடமே திரும்பி வரும். மற்றவர்களுக்குக் கொழும்பில் வேலை செய்கிற அண்ணன் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருவார். அதில் ஒரு பிழையும் இல்லை. வாங்கின சீடியைக் கூட்டாளிக்குக் கொடுக்காமல் என்ன செய்வது? 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன் என்ற மெஷினில் பழைய சீடியைக் கைமாற்றக் கட்டுப்பாடு வைக்கப்போகிறோம் என்று அறிவித்த மைக்ரோசொஃப்டே, ஆட்கள் சத்தம் போட்டதில் அந்த ஜூன் மாதமே வாபஸ் வாங்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பனியால் தடுக்க முடியாததை ஹட்டனில் இருந்துகொண்டு நான் தடுக்கப்போகிறேனா?

ஆக, அந்த வீடுகளில் வாங்கின எந்தப் புதுக் கேமிலும் கம்பனிக்குப் பங்கு போனது. எனக்குப் போகவில்லை. நான் உரம் கொடுத்தேன், கொழுந்து வேறு லொறியில் ஏறியது. அதற்கு மேல், ஆறு மாதம் ரிப்பேர் இலவசம் என்று வாயை வேறு விட்டிருந்தேன். ஒரே வாரத்து மழையில் இரண்டு வீட்டில் இடி விழுந்து எச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டது.

பெரிய ஆட்களும் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு விழுந்திருக்கிறார்கள். 1993இல் திரிடிஓ என்று ஒரு மெஷின் வந்தது. வடிவமைப்பு ஒரு கம்பனி, செய்து விற்றது பனசோனிக் மாதிரியான கம்பனிகள். ஒரு கேமுக்கு வெறும் 3 டொலர் பங்கு, அதுவும் வடிவமைத்த கம்பனிக்கு. மெஷினைச் செய்தவர்களுக்குக் கேமில் வரும்படி இல்லாததால் மெஷினிலேயே லாபம் வைக்க வேண்டி வந்தது. விலை 699 டொலர். யார் வாங்குவது?

இன்னொன்று, நான் சிரித்துச் சிரித்துப் படித்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1,700க்கும் மேற்பட்ட பிஎஸ்3களை ஒன்றாக இணைத்து 2010இல் ஒரு சூப்பர் கம்பியூட்டர் செய்தது. விலை மலிவு, வேகம் அதிகம், வேறென்ன வேண்டும்? அந்த மெஷின்களில் ஒருவரும் கேம் போட்டு விளையாடப்போவதில்லை. சோனிக்காரனும் ஒரு தடவை என்னை மாதிரி உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷினில் லாபம் வைத்துக்கொண்டே ஜெயித்தவரும் உண்டு என்பதையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். 2006இல் பிஎஸ்3 வந்த அதே மாதத்தில் நிண்டெண்டோ தன் வீ (Wii) மெஷினை 250 டொலருக்கு, நட்டமில்லாமல், இறக்கியது. பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

உங்கள் கடைக்கு வரும்படி எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். என் கடையில் அது ரிப்பேரில் நிற்கிறது. ஜொய்ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுப்பது, ஃபேனில் தூசி, எச்டிஎம்ஐ போர்ட். மெஷினில் 5,000 விட்டாலும் அது என்னிடம்தான் ரிப்பேருக்குத் திரும்பி வரும் என்றால் விடலாம். பண்டாரவளைக்காரர் ரிப்பேருக்கு ஹட்டன் வரமாட்டார், அவருக்கு எதற்கு விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சீடி போட இடமில்லாத மாடல்

விலை குறைவு என்று எடுக்காதீர்கள், எங்கள் ஊரில் ஒரு கேமை இறக்குகிற டேட்டாக் காசைக் கேட்டதும் ஆள் எழுந்து போய்விடுவார்.

பழைய மெஷினை மதிக்காதது

கையில் வைத்து விளையாடுகிற கேம் போய் மெஷினைச் செய்த நிண்டெண்டோவின் குன்பெய் யொகொய், அடிபட்டுப் பழகி மலிந்த தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்து என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர். 1989இல் வந்த கேம் போயின் திரை கலர்கூட இல்லை. அடுத்த வருஷமே போட்டிக் கம்பனியான சேகா கலர்த் திரையோடு கேம் கியரை இறக்கியது. ஆறு பற்றரி போட்டால் மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் தீர்த்துவிடும். கேம் போய்க்கு நாலு போதும், அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடும். எது ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் என் கடையில் பிஎஸ்5ஐ யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அலமாரிக்கு மேலே வருஷக்கணக்காகக் கிடந்த, சோனியின் கையடக்க மெஷினான பழைய பிஎஸ்பி ஏழும் போய்விட்டன. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு, இல்லாதபோது பிள்ளைகள் விளையாடினார்கள்.

கணக்கை ஒரு நாட்டில், சீடியை இன்னொரு நாட்டில்

இலங்கை என்று தெரிவு செய்ய பிளேஸ்டேஷன் கணக்கில் இடம் இல்லாததால் நாம் வேறு நாட்டின் பெயரில்தான் கணக்குத் திறந்துகொடுக்கிறோம். அமெரிக்கக் கணக்குத் திறந்துகொடுத்துவிட்டு ஐரோப்பியச் சீடியை விற்றால், கேம் ஓடும், ஆனால் அதற்குக் காசு கொடுத்து வாங்குகிற மேலதிகப் பகுதிகள் ஒட்டாது. பிள்ளை அழும், அப்பா கடைக்கு வருவார். எந்த நாட்டுக் கணக்கு என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

ரூபாயில் விலை பேசி அட்வான்ஸ் வாங்குவது

2022 தொடக்கத்தில் டொலர் 200 சொச்சம். மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்கி விலையையும் எழுதிக் கொடுத்திருந்தேன். மே மாதம் டொலர் 350ஐத் தாண்டியது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், ஒருவர் இன்றைக்கும் பேசுவதில்லை.

விலை குறையும், பிறகு எடுக்கலாம்

முந்தி குறையும். பிஎஸ்2 2000இல் 299 டொலருக்கு வந்து இரண்டு வருஷத்தில் 199 ஆனது. பிஎஸ்5 அப்படி இல்லை, 2022இல் பல நாடுகளில் கூட்டினார்கள், 2025 ஓகஸ்டில் அமெரிக்காவிலேயே 50 டொலர் கூட்டினார்கள். பழைய பழக்கத்தில் காத்திருக்காதீர்கள்.

அந்தத் தம்பி நேற்று ஃபோன் எடுத்தார். மெஷினுக்கு 4,000 ரூபாய் லாபம் வைத்திருக்கிறாராம், ஆனால் சொந்தக்காரர்களுக்கு மட்டும் வந்த விலைக்கே கொடுக்கலாமா என்று கேட்டார். தலவாக்கலையில் உங்களுக்கு எத்தனை சொந்தக்காரர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், பழைய பிஎஸ்4 இரண்டு இருந்தால் எடுத்து வையுங்கள் அண்ணே, சனிக்கிழமை வாறேன் என்றார்.