எஸ்டேட் டவுனில் இருந்துகொண்டு பாஸ்ட் ஃபூட்டைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பாகான் செராய், பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) மாதிரி தோட்டப்புற ஊர்களில் குடியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருப்பவருக்குச் சாலட் கடை, ஜிம், ஊட்டச்சத்து ஆலோசகர் என்று என்னென்னவோ இருக்கிறது. நமக்கு இருப்பது மெயின் ரோட்டில் ஒரு ஃப்ரைட் சிக்கன் கடை, நான்கைந்து மாமாக் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), வாரத்தில் ஒரு நாள் பசார் மாலாம் (இரவுச் சந்தை), பொழுது சாய்ந்ததும் பெட்ரோல் ஸ்டேஷன் பக்கத்தில் வந்து நிற்கும் பர்கர் ஸ்டால். இதற்குள்தான் நாம் நல்லபடியாகச் சாப்பிட்டாக வேண்டும், சாப்பிடவும் முடியும்.

"இனிமேல் பர்கரைத் தொடவே மாட்டேன்" என்ற சபதத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது இரண்டு வாரம் நிற்கும், அப்புறம் ஒரு பிறந்தநாள் வரும், உடையும். இந்த விஷயத்தில் கொஞ்சமாவது முன்னேறிய நாடுகள் மக்களைப் பார்த்து வாயைக் கட்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது, எந்த நேரத்தில் கிடைக்கிறது, பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது, இவற்றை மாற்றின. அரசாங்கம் நாட்டுக்குச் செய்ததை நாம் வீட்டுக்குச் செய்துகொள்ளலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அதுதான்.

அவசரம் ஏன் என்று கேட்டால், 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), பாதிப் பேருக்கு எடை அதிகம். இனப்படி பார்த்தால் இனிப்பு நீரில் இந்தியர்களாகிய நாம்தான் முன்னால் நிற்கிறோம். இங்கே டயாலிசிஸ் இயந்திரத்தில் போய் உட்காருகிறவர்களுக்கு முதல் காரணமும் அதுவேதான். நம் தாத்தா பாட்டி விடியும் முன்பே எழுந்து தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களில் பால் வெட்டி, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்கள், அவர்கள் சாப்பிட்ட சோற்று மலையை உடம்பு அன்றைக்கே எரித்துவிடும். பேரப்பிள்ளைகள் ஃபேக்டரியிலும் லாரியிலும் கவுண்டரிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். உழைப்பு குறைந்துவிட்டது, சோற்றின் அளவு குறையவில்லை, அதன் மேல் பர்கரும் வந்து சேர்ந்திருக்கிறது.

தண்ணியிலிருந்து ஆரம்பியுங்கள்

எதை முதலில் மாற்றுவது என்று என்னிடம் கேட்டால், சாப்பாட்டை விட்டுவிடுங்கள், முதலில் குடிப்பதை மாற்றுங்கள் என்பேன். இதில்தான் பலன் சீக்கிரம் தெரியும், வயிறு பட்டினியும் கிடக்காது. உலகத்தில் பல நாடுகள் கை வைத்ததும் இங்கேதான். மெக்சிகோ 2014-இல் சீனி பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. பிரான்சில் 2017-இலிருந்து உணவகங்களில் சீனி பானத்தை இலவசமாகத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ள விடக்கூடாது என்று சட்டம். பிரிட்டனில் 2018-இல் வரி வந்தது, அதிலிருந்து தப்பிக்கப் பல கம்பெனிகள் அதற்கு முன்பே தாங்களே சீனியைக் குறைத்தன. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் கடைசியிலிருந்து பாக்கெட் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள், டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே கிடையாது.

நம் நாட்டிலும் 2019 ஜூலையில் வரி வந்தது, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் பானங்களுக்குத் தொடக்கத்தில் லிட்டருக்கு 40 காசு. அந்த 5 கிராம் கணக்கை அப்படியே உங்கள் வீட்டுச் சட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைத் திருப்பி, சத்து அட்டவணையில் 100 மில்லிக்கு எவ்வளவு சீனி என்று பாருங்கள், 5-க்கு மேல் இருந்தால் அது வீட்டு ஐஸ் பெட்டிக்குள் வராது. வெளியே விசேஷத்தில் குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், வீட்டில் இருக்காது, அவ்வளவுதான். அரை லிட்டர் பாட்டிலில் 100 மில்லிக்கு 10 கிராம் என்று போட்டிருந்தால் அந்த ஒரே பாட்டிலில் 50 கிராம். சாதாரணப் பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு இதற்குள்ளேயே நிறுத்துங்கள், முடிந்தால் 25 கிராமுக்குக் கொண்டுவாருங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது, ஒரு பாட்டிலிலேயே முடிந்துபோகிறது.

பாட்டிலைவிடப் பெரிய ஆபத்து மாமாக் மேசையில் இருக்கிறது. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரு மேசைக்கரண்டி டின் பாலை 20 கிராம் என்று வைத்தால் 10 கிராம் சீனி. ஒரு தே தாரிக்கில் (டின் பால் ஊற்றி ஆற்றும் தேநீர்) ஒரு கரண்டியோடு எந்தக் கடையிலும் நிறுத்துவதில்லை, கையோட்டமாக ஊற்றுகிறார்கள். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒரு மைலோ ஐஸ் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் கோசோங்குக்கு, அதாவது சீனியே இல்லாததற்குத் தாவ வேண்டாம், நாக்கு ஏற்காது, விட்டுவிடுவீர்கள். முதல் மாதம் உட்கார்ந்தவுடன் "அண்ணே, தே தாரிக் கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்லிப் பழகுங்கள். அடுத்த மாதம் தே சி கூராங் மானிஸ், அதில் டின் பாலுக்குப் பதில் சீனி போடாத பால் ஊற்றுவார்கள், இனிப்பு எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும். அப்புறம் பால் இல்லாத தே ஓ, கடைசியில் தே ஓ கோசோங். தினம் போகிற கடை என்றால் ஒரு வாரத்தில் அண்ணனே நாம் கேட்காமல் சரியாகக் கலக்கிக்கொண்டு வந்து வைப்பார். சின்ன டவுனில் இருப்பதன் நன்மை இது, பெரிய ஊரில் கிடைக்காது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பாஸ்ட் ஃபூட் கடைக்குள் போய்விட்டால்

இந்த நாட்டுக்கு ஏ அண்ட் டபிள்யூ 1963-இல் வந்தது, கே.எஃப்.சி. 1973-இல், மெக்டோனல்ட்ஸ் 1982-இல். அப்போதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கோலாலம்பூருக்குப் போனால் மட்டும் கிடைக்கிற அதிசயம். அதனால்தானோ என்னவோ இன்றைக்கும் சம்பள நாளில் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவதில் அப்பாக்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமையில் தப்பே இல்லை, போங்கள். போவதை மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளாக வைத்துக்கொள்ளுங்கள், பசித்தபோதெல்லாம் ஓடுகிற இடமாக ஆக்கிவிடாதீர்கள். ஜப்பானில் கிறிஸ்துமஸுக்குக் கே.எஃப்.சி. சாப்பிடுவது 1974-இல் ஒரு விளம்பரத்தில் தொடங்கி இன்றைக்கு நாட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது, முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து வைக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு விசேஷ நாள் சாப்பாடாக அது இருந்தால் போதும்.

கவுண்டரில் நிற்கும்போது செட் வாங்காதீர்கள். செட்டில்தான் பானமும் பொரித்த உருளைக்கிழங்கும் நம்மைக் கேட்காமலேயே சேர்ந்துகொள்கின்றன. கோழியை மட்டும், பர்கரை மட்டும் வாங்கித் தண்ணீர் பாட்டிலோடு சாப்பிடுங்கள். இன்னும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் பெரிய சைஸ் என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் சூப்பர் சைஸ் என்று மிகப் பெரிய அளவுகளை மெக்டோனல்ட்ஸ் பல வருடம் விற்றது, 2004-இல் அதுவே நிறுத்திக்கொண்டது. அளவு பெரியதாக முன்னால் இருந்தால் மனிதன் அதிகமாகத்தான் சாப்பிடுவான், எந்த நாட்டு மனிதனாக இருந்தாலும். கோழியின் தோலில்தான் கொழுப்பும் உப்பும் அதிகம், பாதித் தோலையாவது எடுத்து வையுங்கள்.

ரோட்டோர பர்கர் ஸ்டாலில் இன்னும் சுலபம், ஏனென்றால் கண் முன்னால் செய்கிறார்கள். மார்ஜரின் குறைத்துப் போடுங்கள், மயோனிஸ் வேண்டாம், முட்டைக்கோஸும் வெள்ளரியும் கூடுதலாக வையுங்கள் என்று சொன்னால் செய்து கொடுப்பார்கள். டபிள் வேண்டவே வேண்டாம்.

ராத்திரி பத்தரை மணிக்குப் பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டே மாகி கோரிங் (வறுத்த மாகி நூடுல்ஸ்), ரொட்டி சானாய் (பரோட்டா), அதற்கு மேல் தே தாரிக் என்று உட்கார்கிறோமே, அது மாதம் ஒரு தடவை பர்கர் சாப்பிடுவதைவிட மோசம் என்பது என் தீர்மானமான கருத்து. பாஸ்ட் ஃபூட் என்றால் வெள்ளைக்காரன் கடை மட்டும் என்று நினைத்துக்கொண்டு மாமாக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆட்டம் பார்க்கப் போவதாக இருந்தால் வீட்டில் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அங்கே ஒரு தே ஓ மட்டும்.

வீட்டுத் தட்டு

நம் சுகாதார அமைச்சு சொல்லிக்கொடுக்கும் சுக்கு-சுக்கு-செப்பாரோ (கால்-கால்-பாதி) முறையை அரசாங்க கிளினிக்குச் சுவரில் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். வாழை இலைச் சாப்பாட்டில் நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம், நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டு. மாற்றுவதற்கு ஒரே வழி, பரிமாறும் வரிசையை மாற்றுவது. முதலில் காயும் கீரையும் தட்டில் பாதி நிறைய, அப்புறம் மீன், கடைசியில் மிச்ச இடத்துக்குச் சோறு. இரண்டாம் தடவை சோறு கேட்கும் முன் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். ஒக்கினாவா தீவில் வயதானவர்கள் வயிறு எட்டுப் பங்கு நிறைந்ததும் கையைக் கழுவிவிடும் பழக்கம் வைத்திருக்கிறார்கள், அதுவும் இந்த வகைதான்.

காய்கறி விலை ஏறிவிட்டது என்பது உண்மை. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு என்றாலும் பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு தொட்டியில் பசலைக்கீரை வைக்க இடம் இருக்கும். தோட்டத்து லயத்து வீட்டில் எல்லோரும் வைத்திருந்ததுதானே, ஊர் மாறியதும் விட்டுவிட்டோம்.

பாக்கெட் சாமானுக்குப் பிரேசில்காரர்கள் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். 2014-இல் அவர்கள் வெளியிட்ட அரசாங்க உணவு வழிகாட்டி கலோரியை எண்ணச் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து வந்ததா, வீட்டில் சமைத்ததா, அல்லது ஃபேக்டரியில் பல கட்டம் தாண்டி வந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. சிலி 2016-இல் சீனி, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரையே குத்த வைத்தது. இங்கே முத்திரை இல்லை, அதனால் நாமே ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கி, கடையிலிருந்து வந்த சாமானில் சீனியோ உப்போ அதிகமானதற்கு ஒரு புள்ளி வைத்துவிடலாம், பிள்ளைகளையே வைக்கச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வார்கள். புள்ளி வைத்தது மேல் அலமாரிக்குப் போகட்டும், கைக்கு எட்டும் தட்டில் பழமும் கச்சானும் (வேர்க்கடலை) இருக்கட்டும். மாகி சமைத்தால் மசாலாவில் பாதியை மட்டும் போட்டு, ஒரு கைப்பிடி கீரையும் முட்டையும் சேருங்கள், சூப்பை முழுக்கக் குடிக்க வேண்டாம்.

பள்ளிக் கேண்டீன்

பின்லாந்தில் 1948-இலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மதியச் சாப்பாடு. ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வகுப்பில் ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கற்றுக்கொடுக்க 2005-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். பிரான்சு 2005-இல் பள்ளிகளில் தானியங்கிப் பான இயந்திரங்களை எடுத்துவிட்டது. நம் தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் சின்னவை, தலைமையாசிரியரை நேரில் பார்க்கலாம், கேண்டீன் அக்கா நமக்குத் தெரிந்தவராகவே இருப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள், கலர் தண்ணிக்குப் பதில் சாதா தண்ணீர். அது நடந்த பிறகு நகெட், சாசேஜ் பற்றிப் பேசலாம். எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் கேட்டால் கேண்டீன் அக்காவின் பிழைப்பில் கை வைப்பது போல் ஆகிவிடும், அவரும் வாழ வேண்டும்.

அளந்து பாருங்கள்

ஜப்பானில் 2008-இலிருந்து 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் இடுப்பு அளக்கிறார்கள். நீங்களும் தையல் டேப்பை எடுத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் அளந்து, நாள்காட்டியில் எழுதி வையுங்கள். நம் உடம்புக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டியிருந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போய் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்து, வெறும் வயிற்றில் இரத்தச் சோதனை எடுக்க நாள் கேளுங்கள். ஏற்கெனவே இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் சோற்றையோ வேளையையோ திடீரென்று குறைத்துவிடாதீர்கள், சீனி இறங்கி மயக்கம் வரும். மருந்து அளவை டாக்டரிடம் பேசி மாற்றிக்கொண்ட பிறகு ஆரம்பியுங்கள்.